எல்லாருக்கும் ஒன்றாம் நம்பர்

போன மாதம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பதுளையில் நான் வேலை செய்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில், இப்போது என் இடத்தில் இருக்கும் இளம் போதனாசிரியை பேசினார். பழைய வலையமைப்பு ஆய்வுகூடத்தைக் கழற்றிவிட்டு, இனி எல்லாப் பயிற்சியையும் கணினித் திரைக்குள்ளேயே செய்யப்போகிறார்களாம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் என்ன பதிந்திருக்கிறது என்று பார்த்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"சேர், பதுளைக்கு ஒன்னு, பண்டாரவளைக்கு ரெண்டு, ஹல்துமுல்லைக்கு மூனு, கொஸ்லந்தைக்கு நாலு. மடுல்சீமைக்கு மட்டும் ஏன் தொண்ணூத்தொம்பது? வெளிய ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல அஞ்சுக்குமே ஒன்னுன்னு வேற போட்டிருக்கு. யாராச்சும் வெளையாடினாங்களா?"

யாரும் விளையாடவில்லை, எல்லாரும் மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டதால் வந்தது அது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. விவரமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், எழுதுகிறேன்.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். படித்தது பதுளையில். பிறகு தொலைபேசிக் கேபிள் இழுக்கிற வேலை. மழையில் கம்பத்தில் ஏறி நின்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நனைந்தேன் என்பதைத் தவிர. கொழும்பில் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ், அதன் பிறகு இந்த நிலையத்தில் போதனாசிரியர். இங்கேதான் நிஸ்ரீனா மேடத்திடம் வேலை பழகினேன்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. பதுளை பஸாரில் புடைவைக்கடை வைத்திருந்த குடும்பம். மெல்லிய குரல், கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும். பிழை தேட வந்தால் விசைப்பலகையைத் தொடவே மாட்டார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கேட்பார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் தட்ட வேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஓர் இரும்பு அடுக்குத் தட்டில் ஐந்து ரவுட்டர்கள் இருந்தன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தகவலை அனுப்பிவைக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் மாகாணத்து ஊர் ஒன்றின் பெயரையும், ஒன்று முதல் ஐந்து வரை ஓர் அடையாள எண்ணையும் வைத்திருந்தோம். பதுளையிலிருந்து பண்டாரவளை, அங்கிருந்து ஹல்துமுல்லை, பிறகு கொஸ்லந்தை, கடைசியில் மடுல்சீமை என்று வரிசையாகக் கேபிள் போயிருந்தது. நிஜத்தில் மடுல்சீமைக்கு இப்படிப் போவதாக எந்தச் சாரதியிடமாவது சொன்னால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார். ஆய்வுகூடத்தில் அதெல்லாம் பார்ப்பதில்லை.

எந்த ஊருக்கு எந்தப் பக்கம் போவது என்று ஒரு ரவுட்டர் தானாக அறியாது. ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்லி, தன்னிடம் இருப்பதைப் பக்கத்துப் பெட்டிக்கு அறிவிக்கும், அது தன் பக்கத்துப் பெட்டிக்குக் கடத்தும். இப்படித்தான் ஒரு முனையிலிருப்பது மறுமுனையை அறிந்துகொள்கிறது. அறிவிப்பு வராவிட்டால் அந்த ஊர் இல்லை. மாணவர்களுக்கு நாங்கள் கற்பித்த பாடத்தில் பாதி, ஏன் அறிவிப்பு வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஹல்துமுல்லையிலிருந்து கொஸ்லந்தைக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. காலை முழுக்கக் கேபிளை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், கடைசியில் மேசையையும் மாற்றிப் பார்த்தேன். மேடம் வந்து உட்கார்ந்தார்.

"முத்தையா, ஹல்துமுல்லை பேசுதா?"

"பேசுது மேடம்."

"பார்த்தீங்களா, இல்ல யாரும் சொன்னாங்களா?"

நான் பார்க்கவில்லை. பார்த்தபோது, அந்தப் பக்கம் கேட்க மட்டும் வேண்டும், பேசக் கூடாது என்று அதற்குள் பதிந்து கிடந்தது. முந்தைய வகுப்பின் பரீட்சைக்காக யாரோ வேண்டுமென்றே போட்ட பூட்டு, எடுக்க மறந்துவிட்டார்கள்.

"எங்கட மாமா ஒருத்தரும் இப்படித்தான்" என்றார் மேடம். "எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருப்பாரு, ஒன்னும் சொல்லமாட்டாரு. வீட்ல எல்லாரும் அவர் மௌத்தாகிட்டார்னு ரெண்டு தரம் பயந்துட்டோம்."

அன்று அவர் எனக்குக் கொடுத்த முறைதான் பிறகு என் வேலை முழுவதற்கும் போதுமாக இருந்தது. பிழை என்று வந்தால் ஒவ்வொரு பெட்டியிடமும் போய், நீ யார், உன் பக்கத்தில் யார், அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்க வேண்டும். அதற்கு முன் எதையும் கழற்றக் கூடாது.

இனி தொண்ணூற்றொன்பதின் கதை.

எங்கள் பணிப்பாளர் தேவராஜா நல்ல மனிதர். கூட்டுறவுத் துறையிலிருந்து வந்தவர். நிர்வாகம் என்றால் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது என்று நம்பினார். ஆய்வுகூடத்தை ஊருக்குக் காட்ட ஒரு திறந்த நாள் வைத்தார். அப்போது மேடம் மகளின் பிரசவத்துக்காக மாவனல்லைக்குப் போயிருந்தார். மண்டபத்தின் ஒலிபெருக்கிக்கு நான் பொறுப்பு. ஆய்வுகூடத்துக்குக் கிருபா என்ற உதவிப் போதனாசிரியர் பொறுப்பு.

பெற்றோர்களோடு மடுல்சீமைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பெரியசாமியும் வந்திருந்தார். அவருடைய தோட்டத்துப் பிள்ளை சுகந்தி எங்கள் மாணவி. ஐந்தாவது ரவுட்டரில் பயிற்சி எடுப்பவள். அவளுடைய பெட்டியைப் பார்க்கப் போன தலைவர், அதில் ஒட்டியிருந்த ஐந்து என்ற எண்ணைப் பார்த்தார்.

"இங்கயும் நாங்கதான் கடைசியா?" என்றார்.

கிருபா, அது வெறும் அடையாள எண் என்று சொல்லியிருக்கிறார். ரோட்டுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் சொன்னார்கள் என்று தலைவர் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஹல்துமுல்லைப் பெற்றோர், தாங்கள் ஏன் பண்டாரவளைக்குப் பின்னால் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். செய்தி பணிப்பாளருக்குப் போனது. அவர் நேரே மேடையேறி என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"நம்ம நிலையத்துல யாரும் கடைசி இல்ல. இன்னையிலருந்து எல்லாருக்கும் ஒன்னாம் நம்பர்."

மண்டபம் கைதட்டியது. நல்ல பேச்சு என்று நினைத்து நானும் தட்டினேன்.

கிருபா ஐந்து பெட்டிகளிலும் 'ஒன்று' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். மற்ற ஊர்க்காரர்கள் திருப்தியாகச் சாப்பிடப் போய்விட்டார்கள். தலைவர் மட்டும் நகரவில்லை.

"வெளிய ஒட்டுறது எங்களுக்குப் பழக்கந்தான் தம்பி. லயத்துக்கும் வெளிய மட்டுந்தான் சுண்ணாம்பு அடிப்பாங்க. உள்ளயும் மாத்துங்க."

கிருபா உள்ளேயும் மாற்றினார். தலைவர் தோளருகே நின்று பார்த்த மடுல்சீமைப் பெட்டியில் மட்டும். அந்த எண் மாற்றம் உடனே நடைமுறைக்கு வராது, பெட்டி மறுபடி இயங்கத் தொடங்கும்போதுதான் வரும். ஆகவே அன்று ஒன்றும் நடக்கவில்லை, எனக்கும் இது பிறகுதான் தெரியவந்தது. கிருபாவும் அதை மறந்துவிட்டார். கொஞ்ச நாளில் அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார்.

அதே திறந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. பெட்டிகள் தங்களுக்கு ஏதாவது சரியில்லாவிட்டால் திரையில் ஒரு வரி எழுதிக் காட்டும். வந்தவர்கள் கேபிளைப் பிடித்து இழுத்துப் பார்த்ததால் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. "வந்தவங்க முன்னால இது ஏன் குறை சொல்லிக்கிட்டே இருக்கு?" என்று பணிப்பாளர் கேட்டார். குறை சொல்லும் வசதியை ஐந்திலும் நிறுத்திவிட்டார்கள். திரை அமைதியானது. அழகாக இருக்கிறது என்று பணிப்பாளர் பாராட்டினார்.

பல நாள் கழித்து, ஒரு மழைக்காற்றில் கரண்ட் போய் வந்தது. பெட்டிகள் அணைந்து மறுபடி இயங்கின. அதுவரை நாங்கள் அவற்றை அணைத்ததே இல்லை, அதன் பிறகுதான் மின்னலுக்குப் பயந்து மாலையில் நிறுத்திவைக்கப் பழகினோம். அன்றிலிருந்து தொடங்கியது.

ஹல்துமுல்லையிலிருந்து பார்த்தால் பதுளை தெரியும், மடுல்சீமை தெரியாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மடுல்சீமை தெரியும், பதுளையைக் காணோம். இரண்டும் ஒன்றாகத் தெரியவே இல்லை. மாணவர்களின் செய்முறைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சகர் கண்டியிலிருந்து வரவேண்டும். ஆய்வுகூடம் வேலை செய்யாவிட்டால் பரீட்சை மட்டுமல்ல, பாடநெறியே கண்டிக்குப் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் சொல்லியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து போகவே வீட்டில் சண்டை போட்ட பிள்ளைகள் கண்டிக்குப் போகமாட்டார்கள். சுகந்திக்குப் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலின் கணினிப் பிரிவில் வேலை சொல்லிவைத்திருந்தது. சான்றிதழ் வந்தால் வேலை.

நான் மேடத்தின் முறையைத்தான் பின்பற்றினேன், ஆனால் முதல் கேள்வியை விட்டுவிட்டேன். நீ யார் என்று எதற்குக் கேட்பது, பெயர்தான் தெரியுமே. இரண்டாம் மூன்றாம் கேள்விகளோடு சுற்றிச் சுற்றி வந்தேன்.

பணிப்பாளர் தினமும் வந்து பார்த்தார். அவருக்குத் தன் அனுபவத்திலிருந்து ஒரு விளக்கம் இருந்தது.

"பதுளைக்கும் மடுல்சீமைக்கும் ஏதோ மனஸ்தாபம்போல இருக்கே முத்தையா. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பமா?"

மறுக்க எனக்கு வலுவான காரணம் இல்லாததால், மேல்தட்டிலிருந்ததையும் கீழ்த்தட்டிலிருந்ததையும் எடுத்து அருகருகே வைத்தோம். மாற்றமில்லை. ஒரு குத்துவிளக்கை வைத்துப் பார்க்கலாமா என்றார். ஆய்வுகூடத்தில் தீ கூடாது என்று சொல்லி, விளக்கை வாசலோடு நிறுத்தினேன்.

பரீட்சைக்கு முந்திய நாள் பிற்பகல் மேடம் திரும்பி வந்தார். பேத்தியின் படத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொன்னுகிட்டயும் நீ யாருன்னு கேட்டீங்களா?"

"பேர் ஸ்டிக்கர்லயே இருக்கே மேடம்."

"ஸ்டிக்கர் நாங்க பெட்டிக்குச் சொல்றது. பெட்டி எங்களுக்கு என்ன சொல்லுது?"

தட்டினேன். பதுளை, நான் ஒன்று என்றது. பண்டாரவளை இரண்டு, ஹல்துமுல்லை மூன்று, கொஸ்லந்தை நான்கு. மடுல்சீமை, நான் ஒன்று என்றது.

மேடம் கருப்பட்டியைக் கடித்தார். "அந்தக் குறை சொல்றத மறுபடி போட்டுவிடுங்க."

போட்டதும் திரை நிரம்பி வழிந்தது. ஒரே எண்ணில் இரண்டு பேர், ஒரே எண்ணில் இரண்டு பேர் என்று அதே வரி, மூச்சுவிடாமல்.

"பாவம்" என்றார் மேடம் மிக மெல்லிய குரலில். "இவ்வளவு நாளும் கத்திக்கொண்டிருந்திருக்கு."

திருத்துவது சின்ன வேலை. மடுல்சீமைக்குப் பழைய ஐந்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் மேடையில் அறிவித்த விஷயம் என்பதால் பணிப்பாளரிடம் அனுமதி கேட்டோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மறுபடி அஞ்சா? எல்லாரும் கைதட்டினாங்களே மேடம். தலைவர் காதுக்குப் போனா என்ன ஆகும்? காலைல யோசிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க."

விஷயம் வேறு விதமாக ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது. மடுல்சீமை அடிக்கடி அறுந்து போகிறது என்று சுகந்தி வீட்டில் சொல்லியிருக்கிறாள். பெட்டியைப் பற்றித்தான் சொன்னாள். அவள் சொன்னதற்கு மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், அந்தப் பேச்சு வேறு உருவம் எடுத்துவிட்டது. பதுளையில் மடுல்சீமையை வெட்டிவிட்டார்களாம். தலைவர் ஒரு வேன் பிடித்தார்.

பரீட்சையன்று காலை நாங்கள் வாசலுக்கு வந்தபோது ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கையில் அட்டை. 'மடுல்சீமையை உடனே இணை' என்று எழுதியிருந்தது. என் ஊர்க்காரர்கள், என் வேலைத்தளத்துக்கு எதிராக, ஒரு ரவுட்டருக்காகப் போராட வந்திருந்தார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கேட்டைத் திறந்துவிட்டேன். பரீட்சகர் மதியத்துக்கு மேல் வருவதாக இருந்தது.

"வெட்டினது யாரு?" என்றார் தலைவர்.

"யாரும் வெட்டல தலைவரே" என்றார் மேடம். "வாங்க, காட்றேன். உங்க ஆக்கள்ல மூனு பேர் தாங்க."

தாழ்வாரத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார். இந்த முனையில் பதுளையாக நான். அந்த முனையில் மடுல்சீமையாகத் தலைவர். நடுவில் கொழுந்து பறிக்கும் மூன்று பெண்கள். சரியாக நடுவில் நின்றவர் பாக்கியம், அட்டை பிடித்திருந்தவர். சட்டம் எளிது. தன் எண்ணைச் சொல்லி, தன்னிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். அதே எண் புதிதாக ஏதாவது சொன்னால் பழையதை மறந்துவிட வேண்டும்.

"நான் ஒன்னு. எங்கிட்ட பஸ் ஸ்டாண்ட் இருக்கு" என்றேன்.

"நான் ஒன்னு. எங்கிட்ட டீ பெக்டரி இருக்கு" என்றார் தலைவர்.

இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து பாக்கியத்திடம் வந்து சேர்ந்தன. "ஒன்னுகிட்ட பஸ் ஸ்டாண்ட் இருக்கு" என்றவர், உடனே, "இல்ல, இல்ல. ஒன்னுகிட்ட பெக்டரிதான் இருக்கு, பஸ் ஸ்டாண்ட் இல்ல" என்றார்.

அது என்னிடம் திரும்பி வந்தது. என் பெயரில் யாரோ என்னிடம் பஸ் ஸ்டாண்ட் இல்லை என்கிறார்கள். எனக்கு விளையாட்டு என்று தெரியும், இருந்தாலும் சுருக்கென்றது. "ஒன்னுகிட்ட பஸ் ஸ்டாண்ட் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். அது போய்த் தலைவரைச் சேர்ந்தது. "யார் சொன்னா? ஒன்னு நாந்தான். எங்கிட்ட பெக்டரி இருக்கு" என்று அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். பாக்கியம் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப் போனார். அறை வாசலில் நின்ற பணிப்பாளருக்கு, இது விளையாட்டு என்பதே மறந்துவிட்டது. "பஸ் ஸ்டாண்ட் இருக்குங்க, நான் தினமும் பாக்கிறேனே" என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் பரீட்சகர் வந்து நின்றார், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாக. கையில் பையோடு எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் மேடத்திடம் கேட்டார். ஒரே எண்ணில் இரண்டு ரவுட்டர்கள் என்று மேடம் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருப்பார்போல.

தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"அப்ப நான் பேசுறது அந்தப் பக்கம் போகவே இல்லையா மேடம்?"

"போகுது. இவர் பேசினதும் அழிஞ்சு போகுது."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க பேச்சு அழியுறது ஒன்னும் புதுசில்ல. எங்க நம்பர வச்சே அழியுறதுதான் புதுசா இருக்கு. சரி. ஆனா அஞ்சு வேணாம். வேற நம்பர் போடலாமா?"

"மிச்சம் நல்ல யோசனை. எது வேணும்னாலும் போடலாம், வேற யாருக்கும் அது இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"பெரிய நம்பர் போட்டா?"

மேடம் உண்மையைச் சொல்லிவிட்டார். "சில நேரம் பெட்டிகளுக்குள்ள ஒரு தேர்தல் மாதிரி நடக்கும். அதுல பெரிய நம்பர்தான் ஜெயிக்கும்."

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் பணிப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவர் தன் ஆட்களை மூலைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, தொண்ணூற்றொன்பது என்றார்.

"நூறு வேணாமா?" என்று கேட்டேன்.

"நூறுன்னா பேராசைம்பாங்க தம்பி."

சுகந்தியையே தட்டச் சொன்னார் மேடம். தட்டினாள், பெட்டியை மறுபடி இயக்கினாள். முதலில் கொஸ்லந்தை, மடுல்சீமையைப் பார்த்தது. பிறகு ஹல்துமுல்லை, பண்டாரவளை. கடைசியில் பதுளைத் திரையில் மடுல்சீமைக்கான வழி ஒரு வரியாக வந்து நின்றது. நின்றது, போகவில்லை. ஆட்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுவா?" என்று பாக்கியம் கேட்டார். இதுதான் என்றேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஒலிபெருக்கி அருகே தட்டியதைவிட மனதாரத் தட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பரீட்சை நடந்தது. பரீட்சகர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிழையைப் போட்டுவிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். சுகந்தி கண்டுபிடித்தாள். ஏன் இந்தப் பெட்டிக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது என்று அவளிடம் கேட்டார். "வேற யாருக்கும் அந்த நம்பர் இல்ல சேர்" என்றாள். அது சரியான விடைதான், அவர் குறித்துக்கொண்டார். பிறகு ஸ்டிக்கர்களைக் காட்டி, ஐந்திலும் ஏன் ஒன்று என்று பணிப்பாளரிடம் கேட்டார்.

"அது நிர்வாக ரீதியான நம்பர்" என்றார் பணிப்பாளர்.

பரீட்சகர் அதையும் குறித்துக்கொண்டார். பாடநெறி பதுளையிலேயே இருந்தது. சுகந்தி பண்டாரவளையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பரீட்சை முடியும்வரை கூடவே இருந்த தலைவரும் ஆட்களும் மாலை வேனில் புறப்பட்டார்கள். மழை பிடித்துவிட்டது. நான் ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. தலைவர்தான். பின்னால் மழைச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"தம்பி, அந்த மிஷின்ல மடுல்சீமைக்கு ரோடு இன்னும் இருக்கா?"

கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லும் பழக்கம் எனக்குப் போயிருந்தது.

"இருக்குங்க தலைவரே. நல்லா இருக்கு."

"இங்க இல்ல. மண்ணு சரிஞ்சு கெடக்கு. வேன் திரும்பிப் போயிருச்சு, நாங்க எறங்கி நடக்கிறோம்."

ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லையே என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நனைந்துவிட்டோம், அவ்வளவுதான் என்றார். சேற்றில் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"சரி தம்பி" என்றார் பிறகு. "அங்கயாவது இருக்கட்டும். அணைச்சிராதீங்க."

அன்று மாலை மட்டும், ரவுட்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் ஆளியை நான் நிறுத்தவில்லை. விளக்கை மட்டும் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.